கொலுசு கறுத்த வீடு: இரண்டு கேன் கடல்நீரும் ஒரு குடும்பமும்

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் நடத்தும் சின்ன கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் வெள்ளித் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். இங்கே சொல்லப்போகிறவரும் அப்படித்தான். வயது 56. வீட்டின் முன்கட்டிலேயே கொலுசுப் பட்டறை. ஒன்பது வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கும் முன்னாலிருந்தே முழங்கை, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் சோரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்வது இதைத்தான். செதில் உதிரும், அரிக்கும், குளிர்காலத்தில் வெடிக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கையைப் பலகையில் ஊன்றி வேலை செய்கிறவர். அழுத்தமும் உராய்வும் படும் இடத்தில் இந்த நோய் கூடுதலாகக் கிளம்பும். அவருக்குப் படை இருந்த இடங்களைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும்.

மகளை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மருமகன் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. பேரனுக்கு 9 வயது, மூக்கில் ஒவ்வாமை. பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்து தும்மல்.

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தை: கடற்கரையில் ஐந்து நாள்

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம் எல்லாம் முடித்துவிட்டு, பக்கத்து ஊரான மண்டபத்தில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். காலையும் மாலையும் கடலில் அரை மணி நேரம். மூன்றாம் நாளே செதில் ஊறிக் கழன்றது என்றார். ஐந்தாம் நாள் முழங்கைப் படை வெளிறி, தடவினால் வழவழப்பாக இருந்ததாம். பல வருடத்தில் முதல் முறையாக இரவு சொறியாமல் தூங்கியிருக்கிறார்.

இதில் மிகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திரும்பும்போது இரண்டு கேனில் கடல்நீரைப் பிடித்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தார்.

மாசி: நான் கேட்காமல் விட்டது

மாசி முதல் வாரம் வழக்கமான பி.பி. பரிசோதனைக்கு வந்தார். 132/84. எடை 71 கிலோ. முழங்கையை நீட்டிக் காட்டி, “கடல் தண்ணி பண்ணின வேலைங்க டாக்டர்” என்றார். அன்று வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நான் சிரித்துவிட்டு, “அதுல என்னங்கண்ணா இருக்கு, வெறும் உப்புத்தானே” என்று சொல்லி மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரிதான் இந்த நிகழ்வில் என் பங்கு. அது தவறான தகவலும்கூட. கடல்நீர் வெறும் உப்பு இல்லை. கடல் குளியலால் சில தோல் நோய்கள் தணிவது மருத்துவத்துக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சாக்கடலில், அதாவது கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே கிடக்கும் அந்த ஏரியில், சோரியாசிஸ் நோயாளிகளை வாரக்கணக்கில் தங்கவைத்துக் குளிக்கவைப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. உப்புநீர்க் குளியலோடு புற ஊதாக் கதிர் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தால், கதிர் மட்டும் கொடுப்பதைவிடப் பலன் கூடுவதாக ஆய்வுகள் உண்டு. 2005-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், வறண்ட தோல் உள்ளவர்களுக்கு ஒரு முன்கையை 5 சதவீத சாக்கடல் உப்புக் கரைசலிலும் மறு கையைக் குழாய்த் தண்ணீரிலும் 15 நிமிடம் ஊறவைத்தார்கள். உப்பில் ஊறிய கையில் தோலின் ஈரம் காக்கும் திறன் கூடியது, சிவப்புக் குறைந்தது. மக்னீசியம் தோலில் நீரைப் பிடித்துவைக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதையெல்லாம் அன்று சொல்லியிருந்தால் பேச்சு நீண்டிருக்கும். அந்தப் பேச்சில் அவர் அடுத்த விஷயத்தையும் சொல்லியிருப்பார். நான் சிரித்ததால் சொல்லவில்லை.

அவர் சொல்லாமல் செய்தது

பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்துகிறேன். பட்டறைக்குச் சரக்கு வாங்க வந்த ஒருவர், “மேலே பூசினதுக்கே இப்படின்னா உள்ளே போனா எப்படி இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். நம் ரத்தமும் கடல்நீரும் ஒரே சேர்மானம், பிரான்சு நாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் கைபேசியில் ஏதோ வீடியோவும் காட்டியிருக்கிறார். அதில் வரலாறு உண்மைதான். ரெனே கிந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1904-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார், நீர்த்த கடல்நீரை ஊசி மூலமும் ஏற்றினார். அதற்கும் முன்னால், 1750-களிலேயே ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரைக் குடிக்கச் சொல்லி எழுதி, பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டம் சேரக் காரணமாக இருந்தார்.

நம்மவர் முதல் நான்கு வாரம் காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர் குடித்தார். ஒவ்வொன்றிலும் 50 மில்லி கடல்நீர், மூன்று பங்கு குடிநீர். ஆக, நாளைக்கு 100 மில்லி கடல்நீர். தாது உள்ளே போகிறதே என்ற தைரியத்தில் பி.பி. மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினார். ஐந்தாம் வாரம் முதல் கலக்காமல் காலையில் 150 மில்லி. அதே சமயத்தில் முதல் கேன் அடிமட்டத்துக்கு வந்துவிட, இரண்டாவது கேனைத் திறந்தார். அது ஒன்றரை மாதமாக மாடிப்படிக்குக் கீழே மூடியே கிடந்தது.

பங்குனி: வீக்கமும் கறுத்த சரக்கும்

பங்குனி நடுவில் வந்தார். முறைப்படி வரவேண்டிய நாள் அது இல்லை. கால் செருப்பில் நுழையவில்லை என்றார். கெண்டைக்கால் பாதிவரை வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. பி.பி. 176/102. எடை 73.5 கிலோ, அதாவது ஆறு வாரத்தில் இரண்டரை கிலோ கூடுதல். நான்கைந்து நாளாக வயிற்றுப்போக்கு வேறு. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, தலைவலி, பார்வை மங்கல் எதுவும் இல்லை. இசிஜி சரியாக இருந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு, 1.3; முந்தைய வருடம் 1.0 இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் வரம்புக்குள்.

உப்பு கூடியதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஊறுகாய்? இல்லை. வலி மாத்திரை? இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. கடல்நீர் அவர் கணக்கில் உப்பு இல்லை, மருந்து.

பி.பி. பட்டையைக் கழற்றும்போது தொழில் குறையாக ஒன்று சொன்னார். “ஒரு வாரமா பாலிஷ் போட்டு வெச்ச கொலுசெல்லாம் கறுக்குதுங்க. அதுவும் மாடிப்படிகிட்ட இருக்கிற அலமாரியில மட்டும். உள் ரூம்ல வெச்சது பளிச்சுனு இருக்குது.”

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். வெள்ளிக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ஒரு அலமாரி மட்டும் ஏன்? அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேன் இருக்கிறது என்றார். திறந்தால் அழுகின முட்டை வாடை வருகிறதா? “ஆமாங்க. மருந்து வாடைன்னு நெனச்சுத் துணியில வடிகட்டித்தான் குடிக்கிறேன்.”

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது, கொலுசு காட்டிக்கொடுத்தது.

கேனுக்குள் நடந்தது

கடல்நீரின் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் கரைந்த உப்புகள். அதில் சல்பேட் மட்டும் 2.7 கிராம். பிடித்துவந்த தண்ணீரில் பாசித் துணுக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் இருக்கும். மூடிய கேனில் அவை செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு சல்பேட்டையே சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். கழிமுகச் சேற்றைக் காலால் கிளறினால் வரும் வாடையும் இதுதான். கேனைத் தினமும் திறந்தபோது வெளியேறிய வாயு அலமாரி வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடாகப் படிந்தது.

வயிற்றுப்போக்குக்கு இதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அதே நாட்களில்தான் கலக்காத 150 மில்லிக்கு மாறியிருந்தார். மக்னீசியமும் சல்பேட்டும் குடலில் முழுவதும் உறிஞ்சப்படாமல் நின்று தண்ணீரை இழுத்துவைக்கும். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு இந்த இரண்டின் சேர்மம்தான். அளவா, கிருமியா, இரண்டுமா என்பது தெரியாது. நிறுத்தியதும் இரண்டு நாளில் வயிறு சரியானது.

தராசில் நிறுத்துப் பார்த்தது

குடிக்காதீர்கள் என்று சொன்னால் போதுமா என்று யோசித்தேன். ஏற்கெனவே ஒருமுறை சிரித்து அனுப்பிய ஆள் நான். அதனால் அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். வெள்ளிக்காரரிடம் பத்து மில்லிகிராம் வித்தியாசம் காட்டும் தராசு இருக்கும். நல்ல கேனில் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் 100 மில்லி அளந்து, எடை பார்த்த எவர்சில்வர் கிண்ணத்தில் சிறு தீயில் சுண்டவைத்து, மிஞ்சியதை நிறுக்கச் சொன்னேன்.

அன்று இரவே போன் வந்தது. 3.3 கிராம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பாக் நீரிணைப் பக்கம் கடலின் உப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், அதனால் 3.5-க்குக் கீழே வந்ததில் ஆச்சரியமில்லை. காலையில் மறுபடி போன். “கிண்ணம் வேர்த்திருக்குதுங்க. எடை கூடியிருக்குது.”

வெறும் சமையல் உப்பாக இருந்தால் சேலத்துப் பங்குனி வெயிலில் அப்படி ஆகாது. காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது மக்னீசியம் குளோரைடு. மழைக்காலத்தில் ஜாடியில் கல்லுப்பு கசிவதும் இதனால்தான். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகு சோறாக்கும் உப்பு, கடைசியாக மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் நிற்கும். அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். அவர் கிண்ணத்தில் எல்லாமே தங்கிவிட்டது.

எந்தப் பெருங்கடலில் மொண்டாலும் உப்பின் மொத்த அளவு முன்னே பின்னே இருக்கும், உள்ளிருக்கும் பங்கு மாறாது. சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிக் கொண்டுவந்த 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884-ல் இதை நிறுவினார். எடையில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் 30.6, சல்பேட் 7.7, மக்னீசியம் 3.7, கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, அவருடைய 3.3 கிராமில் சோடியம் சுமார் 1 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் சமையல் உப்புக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சாம்பார், ரசம், மோருக்கு முன்னாலேயே அவர் பாதியைக் குடித்து முடித்திருந்தார். கலக்காமல் குடித்த நாட்களில் முக்கால்வாசி.

இதை நான் சொல்லவில்லை. அவரே கால்குலேட்டரில் போட்டுச் சொன்னார். திராவகத்தில் கரைத்த வெள்ளியில் உப்பு போட்டால் தயிர் மாதிரித் திரிந்து இறங்கும் என்பது அவருடைய தொழில் அறிவு. கடல்நீரில் ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல் விட்டும் பார்த்திருக்கிறார். “டம்ளர் பூரா தயிருங்க” என்றார்.

‘ரத்தமும் கடலும் ஒன்று’

அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. உப்பு அதிகம் என்றால் நான்கு பங்காக நீர்த்தால் ரத்தத்துக்குச் சமம் ஆகிவிடுமே?

ஓரளவுக்கு ஆகும். கடல்நீரைச் சுமார் மூன்றரை மடங்கு நீர்த்தால் சோடியம் லிட்டருக்கு 135, 140 மில்லிமோல் அளவில் நிற்கும். நம் ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதுதான். பொட்டாசியமும் கால்சியமும்கூடப் பக்கத்தில் வந்துவிடும். அங்கேயே நிறுத்தினால் வீடியோக்காரர் சொன்னது சரி. ஆனால் மக்னீசியம் 15 மில்லிமோல் இருக்கும், ரத்தத்தில் 1-கூட இல்லை. குளோரைடு ரத்தத்தில் 100 சொச்சம், இதில் 150-க்கு மேல். ரத்தத்தில் 24 இருக்கவேண்டிய பைகார்பனேட் இதில் 1 தேறாது. இந்த விவரம் தெரியாமல் பார்த்தால் ஒற்றுமை மட்டும்தான் கண்ணில் படும்.

சரி, சமமாகவே இருக்கட்டும். அப்படியும் ரத்தத்தைப் போன்ற ஒன்றைக் குடிப்பதால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது? உப்பும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே தங்கும், அவ்வளவுதான். சலைன் பாட்டில் ஏற்றினால் தங்குவதுபோல. அவர் காலில் நான் விரலால் அழுத்திப் பார்த்தது அதைத்தான்.

கலக்காமல் குடித்தால் கதை வேறு. மாங்காயில் உப்பு போட்டு மூடிவைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். உப்பு கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் போகும். கடல்நீரின் இழுப்பு ரத்தத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல், மில்லியாஸ்மோல் என்ற அளவில் சொன்னால் சுமார் 1000-க்கு 290. சிறுநீரகம் தன் முழுத் திறமையைக் காட்டினாலும் 1200 அளவுக்குத்தான் சிறுநீரைச் சுண்டவைக்க முடியும். அதிலும் யூரியாவுக்கு இடம் விடவேண்டும். ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற ஒரு லிட்டருக்கும் அதிகமான சிறுநீர் போகவேண்டியிருக்கும், அந்தக் கூடுதல் தண்ணீரை உடம்புதான் கொடுக்கவேண்டும். கடலில் தத்தளிப்பவர் கடலைக் குடித்துச் சாவது இதனால்.

வீங்கிய மூக்குச் சவ்விலிருந்து நீரை வாங்குவது, குடலில் பேதியாவது, தாகத்தில் கொல்வது எல்லாமே இந்த ஒரே இழுப்புதான். எந்த இடத்தில், எந்த அடர்த்தியில், எவ்வளவு நேரம் என்பதுதான் வித்தியாசம். அவர் அந்த மாங்காயைப் பிடித்துக்கொண்டார். பிற்பாடு ஏற்காட்டு மகளுக்கும் அதை வைத்துத்தான் விளக்கியிருக்கிறார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மருத்துவமனையில் சேர்க்கவில்லை. உறுப்புகள் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை, காரணமும் கையில் கிடைத்திருந்தது. குடிப்பதை நிறுத்தி, பழைய மாத்திரையைத் தினமும் தொடரச் சொன்னேன். புது மாத்திரை சேர்க்கவில்லை. காரணத்தை எடுத்தால் தானே இறங்குகிறதா என்று பார்க்க விரும்பினேன். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ தலைவலியோ வந்தால் நேரம் பார்க்காமல் அரசு மருத்துவமனைக்குப் போகும்படி மனைவியிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் மறுபடி வரவழைத்தேன்.

கேன் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். செடிக்கு ஊற்றவேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டியிருந்தது, அவர் மனைவி முருங்கைக்கு ஊற்றத் தயாராக இருந்தார்.

கடல் குளியலை மட்டும் மறுக்கவில்லை. இந்த முறை அதை அங்கீகரித்தேன். ஐந்து நாளில் படை தணிந்ததற்கு உப்பு ஒரு காரணம். கடற்கரை வெயில் இன்னொன்று. வெயிலின் புற ஊதா பி கதிர்தான் தோல் மருத்துவர்கள் பெட்டிக்குள் நிற்கவைத்துக் கொடுக்கும் கதிர். மூன்றாவது காரணத்தை அவர் யோசித்திருக்கவில்லை. ஐந்து நாள் அவர் பலகையில் முழங்கை ஊன்றவில்லை, திராவகப் புகை இல்லை, சரக்கு கொடுக்கும் கெடு இல்லை. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

அதனால் மூன்றையும் வீட்டிலேயே முடிந்தமட்டும் அமைத்தோம். சேலத்தில் தொட்டி நிறைய வெந்நீர் நிரப்பிக் குளிப்பது நடக்கிற காரியம் இல்லை. பெரிய பேசினில் 10 லிட்டர் தண்ணீர், 270 கிராம் கல்லுப்பு, மருந்துக்கடை எப்சம் உப்பு 130 கிராம். சோடியமும் மக்னீசியமும் ஏறத்தாழ கடல் அளவுக்கு வந்துவிடும். அச்சு அசலாகக் கடல்நீர் இல்லை, சல்பேட் இரு மடங்கு வரும், தோலுக்கு அது பொருட்டில்லை. வாரம் நான்கு நாள், 15 நிமிடம் முழங்கையும் காலும் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயுமுன் வாசலின். வெடிப்பு ரத்தம் கசியும் அளவுக்கு இருந்தால் அன்று வேண்டாம். முழங்கைக்கு அடியில் ஸ்பாஞ்சு. கதிர் சிகிச்சைக்கும் பூச்சு மருந்துக்கும் ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

எப்சம் உப்பின் விலையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறது: “நம்ம சுண்ணாம்புக்கரட்டுல வெட்டற வெள்ளைக்கல்லும் மக்னீசியம்தானே, அதைக் கரைச்சுக்கலாமுங்களா?” அந்தக் கல் மேக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட், தண்ணீரில் கரையாது. கரைந்திருந்தால் அந்தக் கரடு இத்தனை மழைக்கு நின்றிருக்காது.

ஏற்காட்டில் பேரன்

கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் இதையும் சொன்னார். மாசிக் கடைசியில் ஒரு பாட்டில் கடல்நீரை ஏற்காட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மூக்கில் விடச் சொல்லி. மகள் சிரிஞ்சில் எடுத்து விட்டிருக்கிறார். பையன் எரிச்சலில் அலறி, இரண்டு நாள் காதுவலி. பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

இங்கேயும் யோசனை பாதி சரி. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஒவ்வாமைக்கு நல்ல துணை வைத்தியம், யோகத்தில் ஜலநேதி என்று பழக்கத்தில் இருப்பதுதான். மருந்துக்கடையில் கடல்நீர் ஸ்பிரே என்று விற்பதும் உண்மையான கடல்நீரே. ஆனால் வடிகட்டி, கிருமி நீக்கி, பெரும்பாலும் 0.9 சதவீதத்துக்குக் குறைத்தது. பாட்டிலில் போனது அதைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அடர்த்தி. அடர்ந்த உப்புக்கும் இடம் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய் உள்ளவர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் நன்றாக இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்து, 7 சதவீத உப்புநீரை நுண்துளிகளாக இழுக்கவைத்துச் சோதித்தார்கள். சளி இளகியது. அந்த முடிவுகள் 2006-ல் வெளியாயின. ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில், வேறு நோய்க்கு.

பையனுக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு 4.5 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரையோ ஊற்றுத் தண்ணீரையோ அப்படியே விடக்கூடாது என்பதை அழுத்திச் சொன்னேன். 2024-ல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பரவலாகச் செய்தியில் வந்ததால் மகளுக்கு உடனே புரிந்தது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அமீபாவுக்கு அதுவே போதும். இருந்தாலும் தளபுளவென்று மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைக்கச் சொன்னேன்.

பேச்சோடு பேச்சாக அடுத்த கோளாறும் வெளிவந்தது. கடலிலிருந்து வரும் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கும் என்று மகள் ஒரு வருடமாக அயோடின் சேர்க்காத கல்லுப்பில்தான் சமைக்கிறார். கடல்நீரில் அயோடின் லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம். அது முழுக்க உப்போடு வந்தால்கூட 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் தேறும், வருவதும் இல்லை. தேவை நாளைக்கு 150. வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. மழை அடித்துக்கொண்டுபோன மலை மண்ணில் அயோடின் குறைவு, சமவெளியைவிட மலையில்தான் இதைக் கவனிக்கவேண்டும். கல்லுப்பு பேசினுக்கு, அயோடின் உப்பு குழம்புக்கு என்று முடிவானது.

தொடர்ந்து நடந்தது

மூன்றாம் நாள் 160/96. இரண்டாம் வாரம் 146/90, வீக்கம் கணுக்காலோடு நின்றது. ஐந்தாம் வாரம் 134/84, எடை 71.2, கிரியேட்டினின் 1.1. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதால் இறங்கியதா, கடல்நீரை நிறுத்தியதாலா? இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டரை கிலோ தண்ணீர் வடிந்ததில் உப்பின் பங்கு பெரியது என்பது என் கணிப்பு.

தோல் மெதுவாகத்தான் பதில் சொன்னது. கதிர் சிகிச்சை எட்டு வாரம், பேசின் குளியல் இடைவிட்டு. ஆனி மாதத்தில் முழங்கை ஏறத்தாழ சுத்தம். முழங்கால் பாதி. கணுக்கால் அப்படியே இருக்கிறது, சம்மணம் போடும் ஆளுக்கு அது போகவும் போகாது. ஐந்து நாளில் கடலில் நடந்தது சேலத்தில் நடக்கவில்லை என்று அவருக்கு ஒரு குறை உண்டு. நான் மறுத்துப் பேசவில்லை.

பேரனின் தும்மல் நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. கழுவுவதோடு மூக்கு ஸ்பிரே மருந்தும் போகிறது.

மாற்றிச் செய்வது

இப்போது பி.பி. கூடி வருகிறவரிடம் ‘உப்பு எவ்வளவு’ என்று மட்டும் கேட்பதில்லை. டம்ளரில் என்னென்ன குடிக்கிறீர்கள், யார் சொல்லிக் குடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன். மூன்று மாதத்தில் ஒருவர் இந்துப்புத் தண்ணீரும் இன்னொருவர் காலையில் எப்சம் உப்பும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தோல் நோயாளி கடலுக்குப் போவதாகச் சொன்னால் போய்வரச் சொல்கிறேன். சர்க்கரையோ ஈரல் கோளாறோ இருந்து காலில் திறந்த புண்ணும் இருந்தால் வேண்டாம் என்கிறேன், வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி அவர்களுக்கு ஆபத்து. கேனில் பிடித்துவரவேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் கொலுசுக் கதையைச் சொல்கிறேன்.

ஏற்காட்டுக்கு மாதம் ஒருமுறை முப்பது பொட்டலம் போகிறது. பட்டறைத் தராசில் ஒவ்வொன்றையும் 4.5 கிராமாக அவர்தான் நிறுத்து மடிக்கிறார். போன வாரம் ஒன்றை எனக்குக் காட்டி, நான்கு கிராம் ஐநூற்றுப் பத்து மில்லிகிராம் இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டார்.